சண்டிகேசுவரர் சந்நிதியும் ஆலயக் கணக்கும்

சிவாலயத்தை வலம் வரும் அன்பர்கள், கருவறைக்கு வடபுறத்தே எழுந்தருளியிருக்கும் சண்டிகேசுவரர் சந்நிதியில் சற்று நின்று, இரு கைகளையும் விரித்துக் காட்டி, மெல்லத் தட்டிவிட்டுச் செல்வது வழக்கம். "சிவபெருமானின் உடைமை எதனையும் யான் எடுத்துச் செல்லவில்லை" என்று இறைவனின் கணக்கரிடம் ஒப்புவித்துப் போகும் முறை இஃது என்பர் பெரியோர். சோழர் காலத்தில் கோயில் நிலங்களை வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயராலேயே நடைபெற்றன என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன. ஆலயச் சொத்துக்கு அவரே காவலர், அவரே பொறுப்பாளர்.

நெற்றியில் இட்ட திருநீறன்றி வேறொன்றும் கொண்டு செல்லாத அடியவர் தம் கையை விரித்துக் காட்டுகிறார். ஆலயத்தின் பெயரால் பல்லாயிரம் ரிங்கிட்டைக் கையாளும் நிர்வாகத்தினர் தம் கையை யாரிடம் விரித்துக் காட்டுவது? திருவிழாக் காலத்தில் இக்கேள்வியை எழுப்புதல் பொருந்துமா எனச் சிலர் எண்ணலாம். ஆயின் உபயகாரர்களும் ஊராரும் ஒருங்கே கூடும் காலம் இதுவே. அரசு மானியம் பற்றிய அறிவிப்புகளும் திருவிழா மேடைகளில்தான் பெரும்பாலும் வெளிவருகின்றன. எனவே இதனைப் பேசுதற்கு இதனினும் ஏற்ற வேளை வேறில்லை எனலாம்.

காசோலைப் படமும் கணக்குச் சீட்டும்

நம் ஆலய விழாக்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. அமைச்சரோ, மாநில ஆட்சிக்குழு உறுப்பினரோ, சட்டமன்ற உறுப்பினரோ மாலை மரியாதையுடன் வரவேற்கப்படுவார். பெரிய மாதிரிக் காசோலை ஒன்று மேடைக்கு வரும். ஒரு முனையைப் பிரமுகரும் மறுமுனையை ஆலயத் தலைவரும் பிடித்துக்கொள்ள, மறுநாள் நாளிதழில் படம் வெளியாகும். ஊரார் அனைவரும் அத்தொகையை அறிந்துகொள்வர். ஓராண்டு சென்றபின், அந்தப் பணத்தில் எத்தனை தூண் எழுந்தது, எவ்வளவு ஓடு மாற்றப்பட்டது, மீதி எவ்வளவு என்னும் கணக்கை மேடையேற்றுவாரும் இல்லை, படமெடுப்பாரும் இல்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மூதாட்டி ஒருவர் எழுந்து, "அன்று கொடுத்த காசு என்னாச்சுங்க ஐயா?" என்று கேட்பதாகக் கொள்வோம். "என்னைத் திருடன் என்கிறீர்களா?" என்று பொருளாளர் சினந்துவிட்டால் அவை அடங்கிவிடும். கேட்டவர் அடுத்த ஆண்டு கூட்டத்திற்கு வரமாட்டார். அவருடைய பிள்ளைகள் வேறோர் ஆலயத்தைத் தேடிச் செல்வர். அந்தப் பொருளாளர் ஒரு காசும் தீண்டாதவராகவே இருக்கலாம். ரசீதுகள் யாவும் அவர் வீட்டு அலமாரியில், பிஸ்கட் தகரத்தினுள் பத்திரமாக இருக்கலாம். ஆயினும் அவர் நேர்மையை அந்தத் தகரம் மட்டுமே அறியும், ஊர் அறியாது. நம் ஆலயங்களில் பிணக்குகள் தோன்றி, அணிகள் பிரிந்து, வழக்கு மன்றம் வரை சென்ற கதைகளுள் பல, பதில் பெறாத இத்தகைய ஒரு கேள்வியிலிருந்தே தொடங்கியவை.

இது யாருடைய பணம்?

ஆலயத்திற்கு வரும் பொருள் இருவகைப்படும். உண்டியல் காணிக்கை, அர்ச்சனைச் சீட்டு, உபயம், திருப்பணி நன்கொடை என அடியார்கள் மனமுவந்து அளிப்பது ஒருவகை. அரசாங்கக் கருவூலத்திலிருந்து வருவது மற்றொரு வகை. மத்திய அரசின் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு, இஸ்லாம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களின் சீரமைப்புக்கு நிதி வழங்கி வருகிறது. சிலாங்கூரில் 'லிமாஸ்' எனப்படும் இஸ்லாம் அல்லாதார் விவகாரக் குழுவின் வழியாக மாநில மானியம் ஆலயங்களைச் சென்றடைகிறது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி ஒதுக்கீடுகளிலிருந்து கிடைக்கும் சிறு தொகைகளும் உண்டு.

உபயகாரருக்குத் தாம் கொடுத்தது என்னவாயிற்று எனக் கேட்கும் வாய்ப்பு உண்டு. அவர் வெள்ளிதோறும் ஆலயத்திற்கு வருகிறார், தலைவரை அறிவார், தம் பெயர் பொறித்த கல்லையும் காண்கிறார். கருவூலப் பணத்தின் உரிமையாளருக்கு அவ்வாய்ப்பு இல்லை. வருமான வரி கட்டும் மருத்துவரும், கடையில் பொருள் வாங்கும்போதே விற்பனை வரியைச் சேர்த்துச் செலுத்திவிடும் முன்னாள் பால்மரத் தொழிலாளியும் அதன் உரிமையாளர்களே. நம் ஆலய வாயிலை ஒருநாளும் மிதியாத மலாய் மீனவரும், சீன வணிகரும், சரவாக்கின் இபான் விவசாயியும் அவ்வாறே உரிமையுடையவர்கள். அவர்களது வியர்வையின் ஒரு துளியும் நம் விமானத்துச் சுதையில் கலந்திருக்கிறது. ஆதலின், அடியார் கொடையை உறுப்பினர்களுக்குக் கணக்குக் காட்டினால் போதுமென்று ஒருவர் வாதிட்டாலும், அரசு மானியத்தைப் பொறுத்தவரை அவ்வாதம் நில்லாது. அதன் கணக்கு ஊரார் அனைவருக்கும் உரியது.

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 11ஆம் விதி, தம் சமய விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கவும், சமய நிலையங்களையும் அறநிலையங்களையும் நிறுவிப் பேணவும் ஒவ்வொரு சமயத்தாருக்கும் உரிமை அளித்துள்ளது. அந்த உரிமையைப் பிறர் ஐயுறாவண்ணம் காத்துக்கொள்ளும் வழியும் திறந்த கணக்கே.

சட்டம் எதுவரை வருகிறது?

அரசுச் செலவுகளை ஆராய்வதற்கு நம் நாட்டில் முறையான ஏற்பாடு உண்டு. மத்திய, மாநில அரசுகளின் கணக்குகளைத் தலைமைக் கணக்காய்வாளர் ஆராய்கிறார். அரசமைப்புச் சட்டத்தின் 107ஆம் விதிப்படி அவருடைய அறிக்கை மாமன்னரிடம் அளிக்கப்பட்டு, மக்களவையில் வைக்கப்படுகிறது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதனை ஆராய்ந்து, அதிகாரிகளை அழைத்து விசாரிக்கிறது. 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றம் 1957ஆம் ஆண்டுக் கணக்காய்வுச் சட்டத்தைத் திருத்தி, அரசுப் பணம் செல்லும் நிறுவனங்களைப் பின்தொடர்ந்து ஆராயும் அதிகாரத்தை மேலும் விரிவுபடுத்தியது.

ஆலயங்களுள் பல 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை. அச்சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் சங்கப் பதிவதிகாரிக்கு அனுப்புதல் வேண்டும். பொய்யான ரசீதையோ கணக்கையோ காட்டி ஏமாற்றுவோர் மீது 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் பாயும்.

எனினும் இவையெல்லாம் அலுவலகத்திலிருந்து அலுவலகத்திற்குச் செல்லும் தாள்கள். தலைமைக் கணக்காய்வாளர் அமைச்சின் ஏட்டைப் பார்ப்பார். ஒவ்வொரு சிற்றாலயத்தின் மடைப்பள்ளிக் கூரையிலும் ஏறிப் பார்த்தல் அவருக்கு இயலாது. பதிவதிகாரிக்கு அனுப்பிய கணக்கு அவருடைய கோப்பில் இருக்கும். நவக்கிரகத்தைச் சுற்றும் அன்பர் அதனைக் காணமாட்டார். கருவூலத்திலிருந்து புறப்பட்ட பணம் கடைசியாக வந்து நிற்கும் இடம் ஆலயம். அந்தக் கடைசி இடத்தில் விளக்கேற்ற வேண்டியவர்கள் நாமே.

பட்ட பாடம்

இந்திய சமுதாயத்தின் சமூக, பொருளாதார மேம்பாட்டுக்காக 2014இல் பிரதமர் துறையின்கீழ் 'செடிக்' அமைக்கப்பட்டதும், 2018ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்திற்குப்பின் அது 'மித்ரா'வாக மாறியதும், ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டதும் நாம் அறிந்தவை. 2021இல் அந்நிதி செலவிடப்பட்ட முறை குறித்து மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியபோது, நாடெங்கும் தேநீர்க் கடைகளில் அதுவே பேச்சாயிற்று. யார் குற்றவாளி, யார் நிரபராதி என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். ஆனால் அந்நாளில் சமுதாயம் அடைந்த வேதனைக்கு வேறொரு காரணமும் உண்டு. எந்த அமைப்புக்கு எவ்வளவு சென்றது, அதனால் எத்தனை பேர் பயன் பெற்றனர் என்பது சாதாரண மக்களின் கண்முன்னே இல்லாமையால், மானியத்தை முறையாகச் செலவிட்டு, பாலர் பள்ளியையோ தொழிற்பயிற்சியையோ செம்மையாக நடத்தியவர்களும் ஐயப் பார்வைக்கு ஆளாயினர். கணக்கு மறைந்திருக்கும் இடத்தில் நல்லவரும் தீயவரும் ஒன்றாகவே தோன்றுவர்.

இந்த இடர்ப்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அறக்கட்டளைகள் சரிவரப் பராமரிக்கப்படவில்லை என்னும் முறையீடுகளின் விளைவாகவே, ஆங்கிலேயர் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களில் 1905ஆம் ஆண்டு முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பினாங்கு இந்து அறப்பணி வாரியமும், பின்னர் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சிங்கப்பூர் இந்து அறக்கட்டளை வாரியமும் அம்மரபில் வந்தவையே. சிங்கப்பூரில் 2018இல் பழம்பெரும் ஆலயம் ஒன்றின் நிர்வாகம் குறித்து அறநிறுவன ஆணையர் நடத்திய விசாரணையின் முடிவு பொதுமக்கள் அறியவே வெளியிடப்பட்டது. அச்செய்தி நம் மனத்தை வருத்தியது உண்மை. ஆயினும் அது மூடி மறைக்கப்பட்டிருப்பின் அந்த ஆலயத்தின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கை மீண்டும் தளிர்த்திருக்க வழியில்லை.

கல்லில் வெட்டிய கணக்கு

கணக்கை ஊரறிய வைத்தல் மேனாட்டார் கற்பித்த புதுமை என எண்ணுவோர் தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி வருதல் நன்று. முதலாம் இராசராச சோழன் தன் ஆட்சியின் 26ஆம் ஆண்டில், தானும் தன் தமக்கையும் தேவியரும் ஏனையோரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். பொன்னணிகள் 'ஆடவல்லான்' என்னும் பெயரிய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, அவற்றின் நிறை எழுதப்பட்டது. செலவுக் கணக்கும் அவ்வாறே விரிவாக உள்ளது. கோயிற்பணிக்கென அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருச்சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தனர் என்பன வரை அங்கே காணலாம். பங்கு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்பதும் அங்கே உள்ளது. அரசன் கொடுத்த மானியம் யார் கையை அடைந்தது என்பதை வீட்டு எண்ணோடு எழுதிவைத்த கணக்கு அது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அதனை எவரும் படிக்கலாம்.

அதற்கும் முன்னர், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் மீண்டும் குடவோலைக்குப் பெயர் இடத் தகுதியற்றவர். அவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவராகவே விலக்கப்பட்டனர். நிலமும் குலமும் பார்த்து உறுப்பினரைத் தேர்ந்த அம்முறையின் பிற கூறுகள் இக்காலத்திற்கு ஒவ்வாதவை. ஆனால் கணக்குக் காட்டாதவருக்குப் பதவியில்லை என்னும் ஒரு விதியை நம் ஆலயச் சட்டவிதிகளில் இன்றைக்கும் சேர்க்கலாம்.

மாணிக்கவாசகர் கதையைச் சொல்வார்க்கு

இவ்விடத்தில் அன்பர் சிலர் ஒரு தடை எழுப்புவதுண்டு. "குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியன் பணத்தை மாணிக்கவாசகப் பெருமான் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டாரே! இறைவனுக்கே செலவானால் எந்தக் கணக்கில் எடுத்தால் என்ன?" என்பது அவர்தம் வினா. கூரைக்கென வந்த மானியத்தைத் திருவிழாப் பந்தலுக்கும் மேளத்திற்கும் செலவிட்டுவிட்டு, "எல்லாம் சாமிக்குத்தானே" என்று அமைதி கொள்வோரின் வாதமும் இதுவே. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் செயலுக்குத் துணையாகத் திருவாதவூரரை அழைத்தல் தகாது.

அக்கதையை இறுதிவரை சொல்லிப் பார்த்தல் வேண்டும். அரசன் கணக்குக் கேட்டான். அமைச்சர் சிறைப்பட்டார், வைகைச் சுடுமணலில் நிறுத்தப்பட்டார். நரிகளைப் பரிகளாக்கிக் கணக்கை நேர் செய்ய இறைவனே இறங்கி வர நேர்ந்தது. பரிகள் மீண்டும் நரிகளாகிவிடவே கணக்கு மறுபடி திறந்தது. முடிவில் பிட்டுக்கு மண் சுமந்து, பிரம்படியும் பட்டார் பெருமான். இறைவனுக்கென்றே செலவழிந்த பணத்திற்கும் அரசன் கணக்குக் கேட்டதையும், இறைவனே தன் திருமேனியால் அக்கடனைத் தீர்த்ததையுமே திருவிளையாடல் நமக்குக் காட்டுகிறது. நம் நிர்வாகக் குழுவில் எவரும் வாதவூரடிகள் அல்லர். ஆகவே ரசீதை வைத்திருத்தலே நமக்கு நலம்.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்

இதற்குப் பெருஞ்செலவோ பெரும்படிப்போ வேண்டியதில்லை. ஓர் ஆலயம் மடைப்பள்ளிக் கூரையை மாற்ற 50,000 ரிங்கிட் மானியம் பெற்றதாகக் கொள்வோம். கூரைத் தகடும் மரச்சட்டமும் 27,400 ரிங்கிட். கூலி 14,000 ரிங்கிட். மின்கம்பி வேலை 6,350 ரிங்கிட். கையிருப்பு 2,250 ரிங்கிட். இந்நான்கு வரிகள் ஒரு தாளில் அடங்கும். எந்த அமைச்சு அல்லது மாநில அரசு, எந்த நாளில், எந்த நோக்கத்திற்குக் கொடுத்தது என்பதை அதன் தலைப்பில் எழுதலாம். எத்தனை குத்தகையாளரிடம் விலைப்புள்ளி பெறப்பட்டது, யார் தேர்ந்தெடுக்கப்பட்டார், அவர் நிர்வாகத்தினர் எவருக்கேனும் உறவினரா என்பனவற்றையும் மறைக்காது குறிக்கலாம். உறவினராக இருத்தல் தானே குற்றமாகாது. அதனைப் பிறர் சொல்லி ஊர் அறிவதே குற்றம்போல் தோன்றச் செய்யும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம் ஒவ்வொன்றும், கணக்கைச் சரிபார்த்த, நிர்வாகத்தில் இடம்பெறாத இருவரின் கையொப்பமும் சேர்ந்தால் தாள் நிறைவுறும்.

அத்தாளைத் தமிழிலும் மலாயிலும் எழுதி, அர்ச்சனைச் சீட்டு விற்கும் இடத்திற்கருகே ஒட்டிவைத்தல் வேண்டும். மானியத்திற்கெனத் தனி வங்கிக் கணக்கோ, குறைந்த அளவு தனிப் பேரேடோ வைத்துக்கொண்டால், உண்டியல் பணமும் அரசுப் பணமும் ஒன்றோடொன்று கலவா. நோக்கத்தை மாற்ற நேர்ந்தால், மானியம் அளித்தவரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்றபின் செய்வதே முறை.

"நாங்கள் ஊதியமின்றி உழைக்கிறோம். வேலைக்குப் போய்வந்து, இரவில் ஆலயத்தில் கண்விழிக்கிறோம். எங்கள்மீது ஐயமா?" என்று தொண்டர்கள் வருந்துவது நியாயமே. அவர்கள் தொண்டினாலேயே நம் ஆலயங்கள் நிலைத்துள்ளன. ஆனால் பலகையில் ஒட்டிய தாள் அத்தொண்டருக்கே முதற் கவசம். நாளை பதவி மாறும்போது புதிய நிர்வாகம் பழைய நிர்வாகத்தின்மீது பழி சுமத்த இடமிராது. அவர் மறைந்தபின் அவர் பிள்ளைகள் தலைகுனிய நேராது. 'சிவன் சொத்து குலநாசம்' என்னும் பழமொழிக்கு அஞ்சுபவர், தம் குலத்தின் நற்பெயருக்கு விட்டுச்செல்லும் சான்றும் அதுவே.

கொடுப்போரின் கடமை

கணக்குக் காட்டும் கடன் பெறுவோருக்கு மட்டும் உரியதன்று. எந்த ஆலயத்திற்கு எவ்வளவு, எந்த அளவுகோலால் கொடுக்கப்பட்டது என்னும் பட்டியலை அரசும் ஆண்டுதோறும் மக்கள் முன் வைத்தல் வேண்டும். மேடையில் அறிவித்த தொகையும் வங்கிக்கு வந்து சேர்ந்த தொகையும் ஒன்றா, எப்போது வந்தது என்பதை ஒப்பிட அப்பட்டியல் உதவும். தெரிந்தவர்க்கே மானியம் என்னும் முணுமுணுப்பும் அதனால் அடங்கும். பழைய தோட்டப்புறத்துச் சிற்றாலயங்கள், பதிவும் நிலப்பத்திரமும் இன்மையால் விண்ணப்பிக்கவும் வழியின்றி நிற்பதும் அப்போதுதான் வெளிச்சத்திற்கு வரும்.

சிலாங்கூர் 2011இலும், பினாங்கு அதனைத் தொடர்ந்தும் தகவல் சுதந்திரச் சட்டங்களை நிறைவேற்றின. மாநில அரசின் அலுவலகங்களிலுள்ள தகவல்களை விண்ணப்பித்துக் கேட்கும் வழியை அச்சட்டங்கள் மக்களுக்குத் திறந்தன. அவ்விரு மாநிலத்து ஆலய அன்பர்கள், மானியம் குறித்து ஐயம் எழுமாயின், வதந்திக்குச் செவி சாய்க்காது அவ்வழியை நாடலாம்.

கேட்பவரும் பணிவோடு கேட்டல் வேண்டும். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பதில் சொல்ல நினைப்பவரும் வாய் மூடிவிடுவார். "ஐயா, மானியக் கணக்கைப் பலகையில் வைத்தால் எங்களுக்கும் பெருமையாக இருக்கும்" என்று ஓர் உபயகாரர் சொன்னால் போதும். தம் உபயத்தோடு அவ்வேண்டுகோளையும் இவ்வாண்டு ஒவ்வோர் உபயகாரரும் சேர்த்து வைப்பாராயின், அடுத்த திருவிழாவுக்குள் நூற்றுக்கணக்கான ஆலயங்களில் அத்தாள் இடம்பெற்றிருக்கும்.

இவ்விழா நாள்களில் ஆலயத்தை வலம் வந்து, சண்டிகேசுவரர் முன் கை விரித்து நிற்கும்போது, நமக்கருகே தலைவரும் செயலாளரும் பொருளாளரும் அவ்வாறே நிற்பதைக் காண்போம். அவர்கள் விரித்த கையின் பொருளை, வெளியே சென்று அறிவிப்புப் பலகையிலும் நாம் படித்து மகிழும் நாள் விரைவில் வருமாறு எல்லாம் வல்ல பரம்பொருள் திருவருள் புரிவாராக!